இரட்டைக் கழியில் நாலு மணி டீ

ஜூலை 6, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் செங்கல்பட்டிலிருந்து தங்கச்சி ஜெஸ்ஸி போன் செய்தாள். "இன்னாக்கா, லீவுலயும் வூட்ல ஒண்டியா குந்திகினு கீற? யாராச்சும் வருவாங்களா அங்க?" அவள் வீட்டுக்குப் போனால் நாஸ்தா தட்டில் கொஞ்சம் பரிதாபத்தையும் சேர்த்து வைப்பார்கள். புதுப்பட்டினத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். பொய்தான்.

நாலு மணிக்கு நண்டு வந்தார். போனில் ஆடும் கோட்டைக்கட்டம் விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆணா பெண்ணா, தெரியாது. அந்த ஆட்டத்தில் பேச முடியாது, படக்குறிகள்தான். முதலில் ஒரு டீக் கோப்பை அனுப்புவார். நானும் அனுப்புவேன். அப்புறம் துறைமுகத்துக்கு அடித்துக்கொள்வோம். ரேங்க் பக்கத்துப் பக்கத்தில், இருவரும் எடுக்கும் மேப்பும் இரட்டைக் கழி என்பதால் ஆட்டமே தினமும் எங்களைத்தான் கோத்துவிடுகிறது. இன்றைக்கு அவர் ஜெயித்தார்.

ஜூலை 9

விளையாட்டின் தமிழ்ப் பக்கத்தில் எழுதிவிட்டேன். பன்னிரண்டு மேப் இருக்கிறது, எல்லோரும் இரட்டைக் கழியையே எடுக்கிறோம், மனப்பாடம் செய்து ரேங்க் ஏறுகிறோம். இது திறமையா? நெம்மேலி குடிநீர் ஆலை லேபில், காலை ஷிப்ட்டில், நான் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதினால் மேலதிகாரி சதாசிவம் சார் விடுவாரா? ஆட்டத்துக்கு ஆட்டம் மேப்பைக் குலுக்கிப் போடட்டும்.

ஜூலை 12

ஏகப்பட்ட லைக். அடுத்த சீசனிலிருந்து மேப் குலுக்கல்தான் என்று கம்பெனியே அறிவித்துவிட்டது, என் பெயர் போட்டு நன்றியும். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம்?

ஜூலை 21

புது சீசன். எல்லா மேப்பையும் இறக்கினால்தான் ரேங்க் ஆட்டத்துக்குள் விடுகிறது. மலைவாசல் மேப்பில் ஜெயித்தேன். எனக்கு வாய்த்தது புது ஆள்.

ஜூலை 24

நண்டு வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

முதல் பத்துக்குள் வந்துவிட்டேன். ஜெஸ்ஸியிடம் சொன்னேன். "சூப்பர்க்கா" என்றவள் உடனே குழம்பு தீய்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஆட்டம் தொடங்கும்போது டீக் கோப்பை அனுப்பினேன். எதிராளி கேள்விக்குறி அனுப்பினான்.

நண்டு ஓடிவிட்டார். மனப்பாட மேப்பில் மட்டும்தான் வீரம். போகட்டும். — ஆனால் ஒரு வருஷப் பழக்கம், சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

ஜூலை 30

தமிழ்ப் பக்கத்தில் நண்டு எழுதியிருக்கிறார். எழுதி ஒரு வாரம் ஆகிறது, யாரும் பதில் போடவில்லை.

"என் போன் பழசு. ஒரு மேப்புக்கு மேல ஏத்துனா நின்னு பூடுது. புது மேப்புங்க நல்லா கீதுன்றாங்கோ, ஆடுங்க. நான் டீ டைம்ல மட்டும் ஆடுற ஆளு. தெனம் எனக்கு டீ காட்டுன ஆளுக்கு தேங்க்ஸ்பா."

திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 31

இரட்டைக் கழிக்குத் தனி ரேங்க் வைக்கக் கூடாதா என்று பக்கத்தில் கேட்டேன். அதை நடத்தும் ஹேமந்த், "மேடம், நியாயம் கேட்டதே நீங்கதான்" என்று பதில் போட்டான். சிரிப்புக் குறி வேறு.

நான் கேட்டது நியாயந்தான். இப்பவும் அதைத் தப்புன்னு சொல்ல வாய் வரல. ஆனா எம்போன்ல இடம் இருக்குன்னா எல்லார் போன்லயும் இருக்குமா? ஏன் தோணல எனக்கு? ஓடிப்போன ஆளு, மனப்பாட வீரம்னு திட்டினேனே அவங்கள—

ஆகஸ்ட் 1

ரேங்க் இல்லாத சும்மா ஆட்டத்துக்கு நாமே அறை திறக்கலாம். அதற்கு ஒரு மேப் போதும். 'டீ' என்று பெயர் வைத்து இரட்டைக் கழியில் ஓர் அறை திறந்தேன். நண்டு எழுதியதற்குக் கீழே, "நாலு மணிக்கு இங்கே இருப்பேன்" என்று போட்டேன். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 2

இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 5

ஒருவன் வந்தான். பாயின்ட் கிடையாது என்று தெரிந்ததும் போய்விட்டான். மழை வரும் போலிருந்தது, துணி எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்த நேரத்தில் வந்துவிட்டால்?

ஆகஸ்ட் 8

கோப்பை வந்தது.

அவசரத்தில் நான் முதலில் கத்திக் குறியை அனுப்பித் தொலைத்தேன். அப்புறம்தான் கோப்பை. வடக்குத் துறைமுகத்தை அவருக்கே விட்டுக்கொடுக்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், கண்டுபிடித்துவிடுவார். ஒழுங்காக ஆடித் தோற்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெஸ்ஸி கூப்பிட்டாள். "ரேங்கு இன்னா ஆச்சுக்கா?"

"ரேங்க் ஆட்டத்த வுட்டுட்டேன், லிஸ்ட்லயே இல்லடி. சரி வைக்கறேன், மணி நாலாவப் போவுது. ஆள் வராங்க."

"உன் வூட்டுக்கா? யாருக்கா?"

பெயர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "டீக்கு வராங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.