அயிரையைத் தின்னாதவன்

சிங்காநல்லூர்
12-8-1993

அன்புள்ள மாரியாத்தாளுக்கு,

உன் வீட்டுக்காரன் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. முதலில் நலம் என்று எழுத வேண்டுமாம், அறிவொளி வகுப்பில் ரம்லா டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தது. நான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன்.

இது முழுக்க என் கையெழுத்து, நன்றாகப் பார்த்துக்கொள். வகுப்பில் உன் பலகையை எட்டிப் பார்த்து எழுதினவன் இன்றைக்குக் கடிதமே எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன். உன் பேரை எழுதி முடித்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்புறம் கோபம் ஞாபகம் வந்து அழுத்தியதில் தாள் கிழிந்துபோனது. இது வேறு தாள். நீயே படி. உன் தம்பி மயில்சாமியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் பொள்ளாச்சிச் சந்தையில் அவனைப் பார்த்தாளாம். வருகிற அமாவாசைக்கு அக்கா மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைக்கப் போகுதுங்க என்றானாம். யார் மேல் என்று இவள் கேட்டதற்கு, மாமன் மேலதானுங்க, அயிரையைத் தின்னுபோட்டாருங்களே என்று சொல்லிச் சிரித்தானாம். இப்போது தெருவே சிரிக்கிறது. அம்மன் தண்டிக்கட்டும் என்று நகையைத் திருடினவன் மேலும் நிலத்தை ஏமாற்றினவன் மேலும் அரைக்கிற மிளகாயைக் கட்டின புருஷன் மேல் அரைப்பாயா? அதுவும் விரல் நீள மீனுக்காகவா?

நான் தின்னவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன்.

மகன் வாங்கிக் கொடுத்த கண்ணாடித் தொட்டியில் கப்பி மீனும் பாசிச் செடியும் நன்றாகத்தான் இருந்தன. கப்பி தின்றது போக மிச்சத் தீனி அடியில் இறங்கி அழுகித் தண்ணீர் நாறியது. அடியில் மேய்கிற மீன் வேண்டும் என்றோம். அதுவரை நமக்குள் சண்டையே இல்லை. கெளுத்தி விடலாம் என்றேன், ராத்திரியில் கப்பியை விழுங்கிவிடும் என்றாய். சரி என்றேன். கடைக் கூழாங்கல் வேண்டாம், அயிரைக்கு மணல்தான் ஆகும் என்று ஆற்று மணலைச் சலித்துப் போட்டாய். அதற்கும் சரி என்றேன். மயில்சாமி ஆழியாற்றில் பிடித்துத் தூக்குவாளியில் கொடுத்த அஞ்சு அயிரையை நீ பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தபோது, மசாலா அரைக்கட்டுமா என்று கேட்டேன். அது வேடிக்கைப் பேச்சு. நீயும் சிரித்தாய்.

மறுநாள் ஒன்றையும் காணோம். அடுப்பில் நான் வைத்த மீன் குழம்பு. அது சைக்கிளில் மீன் விற்கிறவனிடம் நான் வாங்கிய பொடி மத்தி. நீ சட்டியைத் திறந்து கிளறிப் பார்த்தாய். ஏனுங்க, அயிரையைக் கொழம்பு வெச்சுப்போட்டீங்களா என்று கேட்டாய். இத்தனை வருஷம் என்னோடு இருந்தவள் கேட்கிற கேள்வியா அது? அந்த ஆத்திரத்தில்தான், ஆமா, தின்னுபோட்டேன், இப்ப என்ன என்று சொன்னேன். நீ துணிப்பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய். தின்றேன் என்று சொன்னால் தின்றதாகிவிடுமா?

நீ போன பிறகு தண்ணீர் இன்னும் நாறியது. உக்கடத்தில் வரதராஜுலுவின் மீன் கடைக்குப் போனேன். அடியில் ஒட்டிக்கொண்டு மேய்கிற சக்கர் மீனைக் காட்டினான். எவ்வளவு வளரும் என்று கேட்டால் பேச்சை மாற்றினான். பக்கத்தில் நின்ற ஆள்தான் முழ நீளம் வரும், செடி இலையையும் சுரண்டிவிடும் என்றான். அப்புறம் வரதராஜுலு கரி மாதிரி உடம்பும் செக்கச் சிவந்த வாலுமாக ஒன்றைக் காட்டினான். பெரியவரே, ஆட்டுக்குட்டி மாதிரிங்க, யாரையும் தொடாதுங்க என்றான். வாங்கி வந்து விட்டேன். ஆட்டுக்குட்டியாம்! அடியெல்லாம் தனக்கே பட்டா என்பது போல அது துரத்திய துரத்தலில் கப்பியெல்லாம் செடிக்குள் ஒடுங்கிவிட்டன. கடைசியில் செடி வேர் ஓரமாக மணலில் போய் முட்டியது. மணல் புகைந்தது. உள்ளேயிருந்து ஒரு அயிரை துள்ளி வந்தது, மாரியாத்தா! அதன் பின்னாலேயே இன்னொன்று.

நான் அடுப்படியைப் பார்த்து, ஏ புள்ளே, ஓடியா, ஓடியா என்று கத்தினேன். கத்தின பிறகுதான் நீ இல்லை என்பது ஞாபகம் வந்தது.

மணலில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு புதைந்து கிடந்திருக்கின்றன. வலை வீசிப் பிடிக்கிற மயில்சாமிக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டேதான் சிரிக்கிறானா? கேட்டு வை. சிவப்பு வாலைத் துண்டால் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் வரதராஜுலுவின் கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. திரும்ப வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து லட்சுமியம்மாளைக் கூப்பிட்டு அயிரையைக் காட்டினேன். புதுசா வாங்கி உட்டுப்போட்டுக் கதை சொல்றீங்களாண்ணா என்று கேட்கிறாள். இந்த ஊரில் ஒரு சாட்சிகூட எனக்கு இல்லை. ஒன்றுக்கு வால் ஓரம் பிய்ந்திருக்கிறதே, வாளியிலிருந்து எடுக்கும்போது நீதானே காட்டினாய், அதுவும் இருக்கிறது. நீ வந்து பார்த்தால்தான் உண்டு.

இப்போது அஞ்சும் வெளியே வருகின்றன. கப்பி விட்ட தீனியை மீசையால் தடவித் தடவிப் பொறுக்குகின்றன. ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது. நீ சொன்ன மீன்தான் சரி. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். தின்றுவிட்டீர்களா என்று நீ கேட்டதற்கு மட்டும் என் கோபம் தீரவில்லை. நேரில் வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீருமோ என்னவோ.

அமாவாசைக்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வர வேண்டும். வந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடி. வந்தும் நம்பிக்கை இல்லை, அரைத்துத்தான் தீருவேன் என்றால் அரைத்துக்கொள். ஆனால் அரைத்த கையைத் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு தரம் கழுவு. கண்ணைக் கசக்கிவிடாதே. ஆபரேஷன் செய்த கண். சொட்டு மருந்தை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். மூன்று வேளையும் யார் விடுவது?

மாசாணியம்மன் உன் கண்ணைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மீனைத் தின்னாத
ஆறுச்சாமி