வீட்டில் பார்க்க மட்டும்

அக்கா, இன்றைக்குக் காலையில் டயாலிசிஸ் சென்டரில் டிவிக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, மூலைக்கு மூலை டேப் அடித்து, கோயில் திருவிழா நோட்டீஸ் கணக்காக இருந்தது. மேலே மலாய், கீழே இங்கிலீஷ். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். பக்கத்து மெஷின் லிம் அங்கிள்தான் படித்துச் சொன்னார். நோயாளிகள் சொந்த டிவிடி கொண்டுவந்து போடக்கூடாதாம். வீட்டில் மட்டும் பார்க்க வேண்டியதை இங்கே போடுவது தப்பாம்.

நோயாளிகள் என்று பன்மையில் எழுதியிருந்தார்கள். டிவிடி கொண்டுபோகிற ஆள் நான் ஒருத்தன்தான். எனக்கு முன்னால் நீங்கள் ஒருத்தர்தான். நம் இரண்டு பேருக்காக ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள் அக்கா. நீங்கள் இருந்திருந்தால் அதற்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லியிருப்பீர்கள்.

நீங்கள் அந்த அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சுபாங் ஜெயாவில் நீங்கள் வேலை பார்த்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது குப்பைக்குப் போக இருந்த பெட்டி. உள்ளே பழைய பிளேயர் ஒன்று, டிவிடி ஒரு கட்டு. அட்டையில் எல்லாம் தலையில் வெள்ளைப் பொய்முடி வைத்த குண்டு ஆட்கள். ஒருத்தன் ஜன்னல் வழியாக இறங்குகிறான், இன்னொருத்தன் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். ஓபரா என்று பெயராம், அதிலும் சிரிப்பு ஓபரா. வெள்ளைக்காரன் ஊரில் பெரிய மேடையில் பாடி நடிப்பதை, வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காகக் கேமரா வைத்துப் பிடித்தது. பேச்சே கிடையாது. ஒரு வாய் தண்ணீர் கேட்பதைக்கூட ராகம் போட்டுத்தான் கேட்கிறார்கள்.

நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். “ஏன்க்கா, உங்க வீட்டு டிவிக்கு என்னா ஆச்சு? இங்க கொண்டாந்து ஏன் எங்க ரத்தத்த கொதிக்க வைக்கிறீங்க?”

“உன் ரத்தம் மெஷின்லதானே சுத்துது? கொதிச்சா கிருமி சாவும். படு” என்றீர்கள்.

சல்மா மிஸ்ஸிதான் பிளேயரை டிவியில் மாட்டிக் கொடுத்தார். நர்ஸ் என்றாலும் நமக்கெல்லாம் வீட்டுப் பிள்ளை மாதிரி. முதலில் ஒரே கூச்சல். மேடையில் யாருக்கோ வயிற்றுவலியா என்று லிம் அங்கிள் கேட்டார். அப்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். அது எந்த நாட்டு மொழி என்றே உங்களுக்குத் தெரியாது. ஆனால் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று, கூடவே பிறந்து வளர்ந்தவர் மாதிரி சொல்ல ஆரம்பித்தீர்கள். நமக்குத் தமிழில், லிம் அங்கிளுக்கு உடனுக்குடன் மலாயில்.

குண்டு ஆளுக்கு டத்தோ பட்டம் கொடுத்தீர்கள். கிள்ளானில் அவருக்கு ஒரு வரிசை கடை வீடு இருக்கிறதாம். மேல்மாடியில் குடியிருக்கிற அழகியை எப்படியாவது கட்டிக்கொள்ளப் பார்க்கிறாராம். அவளை விரும்புகிற பையன் சமையல்காரன் வேஷத்தில் வருகிறான். டத்தோ பயந்துபோய் துணிப்பெட்டிக்குள் ஒளிகிறார், உள்ளே இருந்துகொண்டே பாடுகிறார். கையில் ஊசி குத்தியிருக்கிறதே, அசையக்கூடாதே என்று பல்லைக் கடித்துச் சிரித்தோம். ஒரு தடவை என் மெஷின் அலாரமே அடித்துவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் அதை மாற்றிப் போட்டுப் பார்த்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கதைக்கு இரண்டு டிவிடி. நம்பர் இல்லை, வளைந்து வளைந்து ஏதோ எழுத்து. பெட்டியில் எது மேலே இருந்ததோ அதை முதலில் போட்டோம். அதனால் நம் கதையில் எடுத்த எடுப்பில் கல்யாணம். அதற்கப்புறம் கட்டின புருஷனே சமையல்காரனாக வந்து நிற்கிறான், பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியவில்லை. இது என்னக்கா கணக்கு என்று நான் கேட்டபோது உங்களிடம் பதில் தயாராக இருந்தது.

“அடுப்பங்கர பக்கமே தல வைக்காத புருஷன் ஒரு நாளைக்கு கரண்டியோட வந்து நின்னா, எவளுக்குடா அடையாளம் தெரியும்?”

நம்மைப் பார்க்க வருகிற டாக்டரம்மா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, ஆன்டி, இது ரெண்டாவது பாதி, இதைக் கடைசியில் போடணும் என்று நயமாகச் சொன்னார். படித்தவர் சொல்கிறாரே என்று நான்கூட மாற்றிவிடலாம் என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்க வீட்டில் கல்யாணம் முடிந்த பிறகுதான் கதையே ஆரம்பித்தது, போடுகிற மாதிரியே போடு என்றீர்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உங்கள் பிரஷரை எழுதிக்கொண்டு போனார்.

அந்தப் பிரஷர் அப்போதே சரியில்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடைசி மாதங்களில் பாதி நேரம் காலைப் பிடித்துக்கொண்டுதான் கதை சொன்னீர்கள். உங்களைப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், இந்த நிலைமையில் சாமி பாட்டு கேட்கலாமே என்று சொன்னார். உங்கள் மேல் அக்கறை உள்ள மனுஷர்தான். நீங்கள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னீர்கள்.

“சாமி பாட்ட நான் போனப்புறம் நீங்களே போடுவீங்கண்ணே. காது கேக்குறப்போ எனக்குப் புடிச்சத கேட்டுக்கிறேன்.”

அப்படியேதான் போட்டார்கள் அக்கா. பண்டமாரானில் உங்கள் மகள் வீட்டு வாசலில், கூடாரத்துக்கு அடியில் சாயங்காலம் வரைக்கும் சாமி பாட்டு. நான் ஓரத்தில் நின்றேன். துக்க வீட்டில் ஒருத்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறானே, அழுகையை அடக்குகிறான் என்று நினைத்திருப்பார்கள். பாதிதான் அழுகை.

சென்டரில் ஒரு வழக்கம் இருக்கிறதே. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டோம். மிஸ்ஸிகளும் சொல்ல மாட்டார்கள். மெஷினைக் கழுவி வைப்பார்கள், அடுத்த வாரம் வேறு ஒருவர் வந்து உட்காருவார், நாம் அவருக்குக் குட் மார்னிங் சொல்வோம். நீங்கள் போனதற்கும் அதேதான் நடந்தது. உங்கள் பெயரை அங்கே யாரும் எடுக்கவில்லை. நானும்தான் எடுக்கவில்லை. அடுத்து எந்த நாற்காலி என்று எல்லாருக்கும் உள்ளே ஓடுகிறது. பேச்செடுத்தால் அது தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயம்.

டிவிடி பெட்டியை உங்கள் மகள் என்னிடம் கொடுத்தாள், அம்மா சொல்லிவிட்டுப் போனார்கள் என்று. அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் போடுகிறேன். போடுகிறேன், அவ்வளவுதான். சொல்வதற்கு ஆள் இல்லாமல் அது மறுபடியும் வெறும் கூச்சலாகிவிட்டது. லிம் அங்கிள் மரியாதைக்குப் பார்ப்பார், பிறகு தூங்கிவிடுவார். உங்கள் நாற்காலிக்கு வந்திருக்கிற அம்மா பிரிக்பீல்ட்ஸிலிருந்து மகன் வீட்டோடு வந்தவர். முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவருடைய மகன்தான் ஆபீஸில் புகார் கொடுத்தாராம், அம்மாவுக்கு நிம்மதி இல்லை, சாகக் கிடக்கிற இடத்தில் இது என்ன கூத்து என்று. அதன் விளைவுதான் இந்தக் காகிதம்.

லிம் அங்கிள் படித்து முடித்ததும் நான் பெட்டியிலிருந்து டிவிடியை எடுத்து மிஸ்ஸியிடம் நீட்டினேன். சல்மா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு டிவிடியைப் போட்டார்.

டத்தோ தொண்டையைத் திறந்ததும் புது மேனேஜர் வந்துவிட்டாள். சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளைதான், கெட்டவள் இல்லை. டிவிடி அட்டையை எடுத்து எனக்குக் காட்டினாள்.

“அங்கிள், நான் சும்மா சொல்லல. இதுலயே போட்டுருக்கு பாருங்க, வீட்டுல பாக்க மட்டும்னு. யாராச்சும் ரிப்போர்ட் பண்ணா சென்டருக்குத்தான் பிரச்சன.”

எனக்குச் சாதாரணமாக வாயில் ஏதாவது நக்கல்தான் வரும். இன்றைக்கு வரவில்லை அக்கா.

“ஒரு நாள் விட்டு ஒரு நாள் இங்கதாம்மா கெடக்கேன். என் ரத்தம் பூராவும் வெளிய போயி இந்த ரூம்ல சுத்திட்டுத்தான் திரும்பி வருது. எங்க வீட்டுல என்னை யாரும் இவ்ளோ நேரம் உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டதில்ல. இது வீடு இல்லன்னா, எது வீடுன்னு நீயே ஒரு அட்ரஸ் எழுதிக் குடு. அங்க போயி பாத்துக்கிறேன்.”

தூங்குகிறார் என்று நான் நினைத்த லிம் அங்கிள், வீடு என்கிற ஒரு வார்த்தை புரிந்து, கண்ணைத் திறக்காமலே, இது என் வீடும்தான் லா என்று மலாயில் சொன்னார். கோடியில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். ஊசி இல்லாத கையைத்தான்.

மேனேஜர் டிவிடி அட்டையைக் கீழே வைத்தாள். அந்த அம்மாவுக்குத் தொந்தரவு என்றால் நிறுத்தித்தான் ஆகவேண்டும், அது ரூல் இல்லை, மனுஷத்தனம் என்றாள். அவள் சொன்னது நியாயம். சரி, சவுண்டைக் குறைக்கிறேன், அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைக் கட்டிவிடுகிறேன் என்றேன். எல்லாரும் உங்கள் நாற்காலியைப் பார்த்தோம்.

அந்த அம்மா சுவர்ப் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினார். முக்காட்டை விலக்கி டிவியைப் பார்த்தார். அவர் குரலை இன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்கிறேன்.

“அந்த குண்டு ஆளு எதுக்குப் பொட்டிக்குள்ள பூந்துக்கிறாரு? ஒவ்வொரு வாரமும் பாக்குறேன், வெளங்கவே மாட்டேங்குது.”

நான் சொல்ல ஆரம்பித்தேன். கடை வீடு, மாடிக்காரி, கரண்டி எல்லாம் உங்களை மாதிரியே தமிழிலும் மலாயிலும் சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். லிம் அங்கிள் நடுவில் இரண்டு இடத்தில் திருத்தினார். அந்த அம்மா டத்தோவின் பொய்முடி கழன்று விழுந்தபோது சத்தமில்லாமல் குலுங்கினார். பிறகு கேட்டார், “நல்லா இருக்கே. இந்தக் கதைய இங்க யாருப்பா மொதல்ல சொன்னது?”

மிஸ்ஸி கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது. லிம் அங்கிள் கண்ணைத் திறந்துவிட்டார். பேச்சை மாற்ற எனக்கு நேரம் இருந்தது.

“ஒரு அக்காம்மா” என்றேன். உங்கள் பெயரை முழுசாகச் சொன்னேன், கோடியில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி. “நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சீட்டுதான். மூணு மாசம் முன்ன தவறிட்டாங்க. கடைசி வாரம் வரைக்கும் சொன்னாங்க.”

அவர் நாற்காலியின் கைப்பிடியைக் குனிந்து பார்த்தார். பயந்துவிட்டாரோ, எழுந்துவிடுவாரோ என்று மேனேஜர் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அப்ப ஏம்ப்பா சவுண்ட கொறச்சு வெச்சிருக்க” என்றார் அந்த அம்மா. “கூட்டு. எம் மவன்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

கூட்டினேன் அக்கா. காகிதம் இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது, மேனேஜர் அதைக் கிழிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. உங்கள் மாதிரி எனக்குச் சொல்ல வரவில்லை, லோரி ஓட்டின தொண்டை இது, டத்தோவும் அழகியும் ஒரே குரலில்தான் பேசுகிறார்கள். இருந்தாலும் தொண்டை இருக்கிற வரைக்கும் சொல்வேன். உங்கள் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வேன்.