கம்பியை நகர்த்திய நாள்

கள்ளிக்குப்பம்
29.12.2022

சுருட்டை,

தலையில் ஒரு முடி இல்லாத ஆளை இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் கூப்பிட்டேன். இனிமேல் வாயால் கூப்பிட ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் கிளாஸ் எழுத்து. தப்பு இருந்தால் சிரிக்காதே.

உன் முப்பதாம் நாள் முடிந்தது. உன் தம்பியும் அவன் பெண்டாட்டி கன்னியம்மாளும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பீரோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தினேன், மறுபடி இங்கேயே கொண்டுவந்தேன். அரிசியை இரண்டு தடவை ஊறப்போட்டேன்.

விஷயம் இதுதான். நம் பெண் ரோஷினிக்கு ஏழாம் மாதம். போன வாரம் கொஞ்சம் ரத்தம் பட்டது. எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், நம் வீட்டில்தான் படுத்திருக்கிறாள். கை கழுவப் போன இடத்தில் கன்னியம்மாள் என் காதோரம் வந்து சொன்னாள்: "பொண்ணு தலைல கை வெச்சு சத்தியம் பண்ட்டு ரேஸ்ல கட்டினா, அது யார் தலைல வந்து விடியும்கா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ செய்த சத்தியம் அது. ரேஸுக்குப் போவேன், பார்ப்பேன், டிக்கெட் எடுத்துப் பணம் மட்டும் கட்ட மாட்டேன் என்றாய். பார்ப்பதற்கு என்ன, பார்த்துத் தொலை என்று நானும் விட்டேன். போன மாதம் இருபத்தேழாம் தேதி கிண்டியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே போய்விட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்து அம்பத்தூர் வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டியிருக்கிறார். உன் ஜோபியில் ரேஸ் புக் இருந்தது. அதில் ஆறாவது ரேஸில் ஒரு குதிரையைச் சிவப்புப் பேனாவால் வட்டமாகச் சுழித்திருந்தாய். டிக்கெட் இல்லை.

டிக்கெட் இல்லையே என்று உன் தம்பியிடம் சொன்னேன். "தோத்த டிக்கெட்ட எவன் ஜோபில வெச்சுகினு வருவான் அண்ணி? அங்கயே கீச்சிப் போட்டுகீறாரு. தோத்த அதிர்ச்சிதான் ஆள அடிச்சிருக்குது" என்றான்.

அன்றைக்கு நீ போன் செய்தாய். நான் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன், சூப்பர்வைசர் பின்னால் நிற்கிறான். "வல்லி, ஒரு விஷயம் கேளேன்" என்றாய். நான் "எவ்ளோ தோத்த?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீ கட்டினாயா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன்
நாகவல்லி

5.1.2023

சுருட்டை,

கோபமாக எழுதுகிறேன்.

உன் நோட்டை எடுத்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாலு நாள் ஆயிற்று. ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் புல் வெட்டுகிற ஆளுக்கு எழுதவும் புல்தான் கிடைத்ததா? குதிரையைப் பற்றி நாலு வரி என்றால் தரையைப் பற்றி ஒரு பக்கம். கம்பி என்றால் ஓடுபாதையின் உள்பக்க வேலி, கேட் 1 என்றால் அதை ஒட்டிக் கிளம்புகிற குதிரை என்று நீ எப்போதோ சொன்னதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். நவம்பர் ஆறாம் தேதி: "மழை. கம்பி ஓரம் கொழகொழ. கேட் 1, 2, 3 கம்பியை ஒட்டி ஓடி மூச்சு வாங்கிச்சு. வெளிப்பக்கம் ஓடினது ஜெயிச்சது." பதின்மூன்றாம் தேதியும் அதே கதை. இருபதாம் தேதி: "கம்பி ஓரம் இன்னும் செத்துக் கிடக்கு. 7 நல்ல குதிரை. உள்ளே மாட்டி நாலாவது வந்தது. இதைத் தோத்ததுன்னு எழுதக் கூடாது."

இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் ஆனது. தோற்ற குதிரைக்கும் பரிந்து பேச ஓர் ஆள் இருந்திருக்கிறான்.

அப்புறம் உன் ரேஸ் புக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீ சுழித்த குதிரைக்கு எதிரே என்ன அச்சடித்திருக்கிறது தெரியுமா? கேட் 1. கம்பியை ஒட்டி. நீயே மூன்று வாரமாகச் செத்த தரை என்று எழுதிய இடம்.

பார்க்க மட்டும் போனவன் எதற்காக அதைச் சுழிப்பான்? வெறி பிடித்தவன்தான் கண்ணை மூடிக்கொண்டு சுழிப்பான். கட்டியிருக்கிறாய். அவள் தலையில் கை வைத்துவிட்டுக் கட்டியிருக்கிறாய். அந்தப் பக்கம் ரோஷினி "அம்மா, என்ன முணுமுணுக்கிற?" என்கிறாள். 

ஐயப்பன்தாங்கல் பக்தவத்சலத்துக்குப் போன் போட்டேன், உன் ரேஸ் கூட்டாளி. அன்றைக்கு நீ டிக்கெட் எடுத்தாயா என்று கேட்டேன். போனில் வேணாம், நேரா கூட்டிகினு போய்க் காட்டறேன் என்றார்.

இன்றைக்கு உன் போட்டோவுக்குப் பூ வைக்கவில்லை.

நாகவல்லி

16.1.2023

என் சுருட்டை,

நேற்று பொங்கல். நமக்கு இந்த வருஷம் கிடையாது. ரோஷினிக்காக மட்டும் கொஞ்சம் வெறும் சாதம் வைத்தேன். இன்று அவளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு பக்தவத்சலம் ஆட்டோவில் கிண்டிக்குப் போனேன்.

இருபத்தாறு வருஷம் நான் திட்டின இடத்தை இன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பச்சையாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லையே. சொன்னாயோ என்னவோ. ஒரு தடவை வா வல்லி என்று நீ கூப்பிட்டது நினைவு வந்தது.

குதிரைகள் வந்ததும் நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்தவத்சலம் சிரித்தார். "குதிரைய இன்னாத்துக்கு அண்ணி பாக்கற? தரைய பாரு. அண்ணாத்தே தரையத்தான் பாப்பாரு." வளைவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்று கை காட்டினார். கம்பிக்கு இந்தப் பக்கம் புல்லில் வரிசையாக மண் போட்டு மூடிய குழிகள். முன்பு கம்பி நட்டிருந்த இடமாம்.

உன் நோட்டில் இல்லாததை அவர் சொன்னார். இருபத்தேழாம் தேதிப் பக்கத்தை நீ வீட்டுக்கு வந்துதானே எழுதுவாய், நீதான் வரவில்லையே. அந்த வாரம் மழை இல்லை. கம்பியைப் பிடுங்கி நாலு கெஜம் உள்ளே தள்ளி நட்டிருக்கிறார்கள். அதுவரை கம்பிக்கு அந்தப் பக்கம் குளம்பே படாமல் கிடந்த கெட்டிப் புல், அன்றைக்குக் கம்பி ஓரமாக ஆகிவிட்டது. கூட்டம் பூராவும் மூன்று வாரப் பழக்கத்தில் வெளிப்பக்கக் குதிரைக்கே கட்டியது. நீ மட்டும் முதல் ரேஸுக்கு முன்னாலேயே வந்து இங்கே நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு உள்ளே ஓடுவதுதான் வரும் என்று சொல்லியிருக்கிறாய். பக்தவத்சலம் நம்பாமல் வெளிப்பக்கத்துக்குக் கட்டப் போய்விட்டார்.

அந்தக் கேட் 1 என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வந்துச்சு அண்ணி. யாருமே சீண்டாத குதிர, கம்பிய ஒரசிகினு மொதலா வந்துச்சு."

"அவரு கட்டினாரா?"

"நான் கவுண்டராண்ட இருந்தேன், பாக்கல. ஆனா நீயே ரோசன பண்ணு. ஜெயிச்ச டிக்கெட்ட எவனாவது கீச்சிப் போடுவானா? கட்டியிருந்தா டிக்கெட் இருக்கணும், இல்லாட்டி ஜோபி ரொம்பியிருக்கணும். இன்னா இருந்துச்சு உன் ஊட்டுக்காரு ஜோபில?"

ரேஸ் புக். பொடி டப்பா. பஸ் டிக்கெட். வாட்ச், போன்கூடப் பத்திரமாகத் திரும்பி வந்தது.

அங்கேயே புல்தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக உட்கார முடியாதவள் அங்கே உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் ரோஷினி தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். என்னம்மா என்றாள். ஒன்றுமில்லை, உங்கப்பா நல்லவன் என்றேன். தெரியும் போம்மா என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உனக்கு இரண்டு முழம் மல்லி வைத்திருக்கிறேன். போன கடிதத்தைக் கிழித்துவிட நினைத்தேன், மனசு வரவில்லை. நீயும் எதையும் கிழிக்கிறவன் இல்லையே.

உன் வல்லி

18.1.2023

சுருட்டை,

இதைச் சீக்கிரம் எழுதிவிடுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். காலையில் உன் போனுக்கு சார்ஜ் போட்டேன். உன் படம் ஏதாவது இருந்தால் ரோஷினி பார்க்கட்டும் என்று. நீ கடைசியாகப் பேசியது என் நம்பர். அதன் கீழே மணி காட்டியது: மூன்று முப்பத்தெட்டு.

ரேஸ் புக்கை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது ரேஸ் மூன்று நாற்பத்தைந்துக்கு.

ரேஸ் முடிந்து, பஸ் ஏறும்போது கூப்பிட்டாய் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். மிஷின் முன்னால் மணி எங்கே தெரிகிறது? ஆனால் நீ ரேஸுக்கு முன்னால் கூப்பிட்டிருக்கிறாய். கம்பியைப் பார்த்துவிட்டாய், எது வரும் என்று தெரிந்துவிட்டது, கவுண்டர் திறந்திருக்கிறது, இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறது. அப்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் வைத்துவிட்டேன். நீ மறுபடி கூப்பிடவில்லை. வளைவில் தனியாக நின்று அது வருவதைப் பார்த்திருக்கிறாய்.

சத்தியம் காப்பாற்றினாய், அது போதும் என்றுதான் இருக்கப் பார்க்கிறேன். முடியவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

"வல்லி, ஒரு விஷயம் கேளேன்" என்றாயே. இந்த ஒரு தடவை கட்டிக்கட்டுமா என்று சத்தியத்தை விடச் சொல்லிக் கேட்கவா கூப்பிட்டாய், இல்லை, கம்பியை நகர்த்திவிட்டார்கள் என்று சும்மா என்னிடம் சொல்லவா?