மறு காது இருக்கட்டும்

வடக்கனந்தல்

அன்பு மகன் இளமாறனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தங்கை கோகிலாவின் மகள் தேவதர்ஷினியின் மரபணுப் பரிசோதனை முடிவு நேற்று வந்தது. சென்னையில் காது டாக்டரே எங்களை உட்கார வைத்துப் படித்துச் சொன்னார். நீ வீடியோ அனுப்பினாயே, காதுக்குள் மருந்து செலுத்திய பிறகு ஒரு பிள்ளை சத்தம் கேட்டுத் திரும்புகிறதே, அந்த மருந்து ஒரே ஒரு மரபணுவில் குறை உள்ளவர்களுக்குத்தான். பாப்பாவுக்கு இருப்பது அது இல்லை, வேறு. அதற்கும் ஆராய்ச்சி நடக்கிறது, எலிகளிடம் பலன் தெரிந்திருக்கிறது, மனிதர்களுக்கு மருந்தாக இன்னும் வரவில்லை என்றார். உன் அம்மா, எலிக்கெல்லாம் காது கேக்குது, நம்ம கொழந்தைக்குத்தான் இல்லியா என்றாள். டாக்டர் அடுத்த தாளைப் புரட்டினார். உனக்குப் பிறவியிலேயே காது கேட்காததும் இதே குறையால் இருக்கலாம், உன் ரத்தத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது டீ குடித்தோம். யாரும் அழவில்லை, இன்றும் அப்படித்தான் போகிறது. அமிர்தம் அத்தை வந்து, வெள்ளிமலையில் ஒருவர் காதில் தழைச்சாறு விடுகிறாராம், போய்ப் பார்க்கலாமே என்றாள். மொதல்ல நீங்க வுட்டுக்கினு வாங்க அத்தே, அப்பறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டு கோகிலா உள்ளே போய்விட்டாள்.

இனிக் காத்திருந்தால் பேச்சு வருகிற வயது தாண்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன், பங்குனி இரண்டாவது வாரம். மறு காது இருக்கட்டும், பிறகு நல்ல மருந்து வந்தால் உதவும் என்றார். ஆபரேஷனுக்குக் காதுப் பக்கம் முடி எடுப்பார்கள். உன் லீவுக்காகத் தள்ளிப் போட்ட மொட்டை இன்னும் போடவில்லை. மொத முடி ஆஸ்பத்திரி குப்பையிலயா வுழணும் என்று அம்மா கேட்கிறாள். அதனால் மாசி கடைசி வெள்ளிக்கிழமை மலையடிவாரத்து அய்யனார் கோயிலில் வைத்திருக்கிறோம். தாய்மாமன் மடி உன்னுடையதுதான், வேறு ஆள் இல்லை.

அடுத்ததை எழுத கோகிலாவுக்குக் கை வரவில்லை, என்னிடம் விட்டிருக்கிறாள். பேச்சுப் பயிற்சி தரப்போகிற ஆசிரியை, கையால் பேசிக் காட்டுவதை இப்போதே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிள்ளை வாய் திறக்காது என்றாராம். டாக்டரிடம் கேட்டேன், அதனால் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன் என்றார். கோகிலா ஆசிரியை பக்கம். அண்ணன் மாதிரி ஆயிடக் கூடாதுப்பா என்றாள். அவள் சொன்னதைக் குறைக்காமல் எழுதுகிறேன், வேறொருவர் வாயசைவில் நீ தெரிந்துகொள்வதைவிட இது மேல். நேற்று சாயங்காலம் அவள் உனக்கு வீடியோ கால் போடாதது அதனால்தான். பாப்பா செல்லைப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்தபடி மாமா, மாமா என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

கருவியை ஓடவிட்டுப் பார்ப்பது சித்திரை முதல் வாரம். கேட்கிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். டாக்டரையும் ஆசிரியையையும் சேர்த்துவைத்துக் கை விஷயத்தைப் பேசி முடிப்பதும் அன்றைக்குத்தான், கோகிலா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அதுவரை வீடியோ வராது. மொட்டையின்போது மடியில் உட்கார்ந்து பாப்பா உன்னிடம் கையால் பேசுவாள். அப்போது நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் கோகிலாவிடம் கேட்கவில்லை.

அய்யனார் உன்னை நல்லபடி வைக்கட்டும். லீவு கிடைத்ததா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரியப்படுத்து.

உன் அப்பா,
தங்கதுரை