மொட்டைமாடிக் காற்று

மார்ச் 4, புதன்

தோளில் தையல் போட்டு, கையைத் துணியில் தொங்கவிட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு வாரம் படகுப் பக்கமே போகக் கூடாதாம். டாக்டர் முன்னால் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். இடது கை எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

படகை இப்போது என் மனைவி எடுத்துப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் அப்பாவோடு சுக்கான் பிடித்தவள்தான். இத்தனை வருஷத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். துணைக்கு என் மச்சினன். எஞ்சின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான், அலை ஆடினால் வாந்தி எடுப்பான்.

மூன்று நாள் கடல்காற்று அடித்து இன்றுதான் ஓய்ந்தது. கரையோரத் தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடக்கிறது. இப்படி இருந்தால்தான் மீனுக்கு வலை கண்ணில் படாது. கூடை நிறைய மடவை மீன் கொண்டுவந்தாள். சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

மார்ச் 10

தூக்கமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

தண்ணீர் தெளிந்துவிட்டது. மீன் வலையைப் பார்த்து ஒதுங்கிப் போகிறது, வெறுங்கூடை. நானாக இருந்தால் இன்னும் வெளியே போயிருப்பேன் என்றேன். அவள் வலையை அலசிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்காது.

மார்ச் 20, வெள்ளி, காலை

கடல் எண்ணெய் ஊற்றினது போல் கிடக்கிறது. அவள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து, இன்றைக்குப் போகவில்லை என்றாள். துணியெல்லாம் கடல் பக்கமாகப் பறக்கிறதாம். வேட்டியைக் கேட்டுத் தொழில் செய்கிற வீடு ஊரிலேயே இதுதான் என்றேன். மச்சினன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. படகுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள், மச்சினனும் பின்னாலேயே போனான்.

மதியம்

மாடிக்குப் போனேன். போர்வை கொடியிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கிறது, கடலை நோக்கி. கரைக்காற்று. வீடுகள் மறைத்து நிற்பதால் கரையில் அலையே எழாது. வெளியே போனதும் தள்ளிக்கொண்டே போகும். திரும்புவதென்றால் எதிர்த்து வர வேண்டும், எங்கள் சின்ன எஞ்சின் தாங்காது.

இது எனக்குத் தெரியாதா? படகில் இருந்தால் பிடரியிலேயே பட்டிருக்கும். மூடின ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாட்டாமை பண்ணினேன். நீதான்டா அனுப்பின. போக மாட்டேன்னு சொன்னவள நீதான் அனுப்பின. போன் போகவே இல்ல, அவளுக்கும் சரி, அவனுக்கும் சரி –

சாயங்காலம்

துறைமுகத்தில் சொல்லியாகிவிட்டது. தேடுகிறோம், வீட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். போகவில்லை.

மார்ச் 21, சனி

நேற்று இருட்டின பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். காற்றோடு முட்டி எஞ்சினைச் சாகடிக்காமல், வலையை அறுத்துவிட்டு, காற்றைப் பக்கவாட்டில் வாங்கியே ஓட்டி, கடலுக்குள் நீண்டிருக்கும் மணல்முனையில் படகை ஏற்றிவிட்டாளாம். மச்சினன்தான் சொன்னான். மீன் வாடை என்று கண்டக்டர் முகம் சுளித்தாராம், இத்தனைக்கும் ஒரு மீன்கூட இல்லை.

அவள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"துணி காஞ்சிடுச்சா?"

"மடிச்சு வச்சிருக்கேன்" என்றேன். அழுதுவிட்டேன்.

மார்ச் 24

மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. மச்சினனைப் பிடிக்கச் சொல்லிக் கொடிக்கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கை விடுதலை. விடிந்ததும் மாடிக்குப் போய் ஒரே ஒரு துண்டைக் கொடியில் போட்டேன். வீட்டுப் பக்கமாக லேசாக ஆடியது. கீழே தண்ணீர் கலங்கல். இறங்கி வந்து, போகலாமா என்று அவளிடம் கேட்டேன். அவளும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போகலாம். நீங்க முன்னாடி உக்காருங்க."

உட்கார்ந்தேன். சுக்கான் அவள் கையில். படகின் முன்பக்கம் இவ்வளவு தண்ணீர் தெறிக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.