தங்கையின் வண்டு

மார்ச் 4

இன்று வண்டின் ஒரு காலைப் பிடுங்கினேன். ஐம்பதை நெருங்கும்போது டிஎன்ஏ வரிசை படிக்கக் கற்கிறேன். முதல் மாதிரியே, இறந்துபோன தங்கை ஒரு பெட்டியில் விட்டுப்போன காய்ந்த வண்டு. முதுகுப் புள்ளிகளைக் காட்டி, இது யாரும் பார்க்காத இனம் என்று கடைசிவரை சொன்னாள். நான் நம்பவில்லை. இப்போதும் இல்லை. ஆனால் தெரிந்தாக வேண்டும்.

மார்ச் 11

முடிவு வந்தது. வண்டு இல்லை. மனிதர்.

கூடப் படிக்கும் பெண் சிரித்தாள். "அக்கா, உங்க வண்டு நம்ம சொந்தக்காரங்களாம்."

வழிகாட்டி என்னைவிட இளையவர், சிரிக்கவில்லை. "தொட்டவங்க கையிலேர்ந்து ஒட்டியிருக்கும் மேடம். உங்களோடதா இருக்கும். ஒத்துப் பாத்துடுங்க."

நான் கையுறை போட்டிருந்தேன். தங்கை ஒருநாளும் போட்டதில்லை.

மார்ச் 18

என் எச்சிலில் எடுத்த வரிசையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறது. அப்படியானால் நான்தான் — முடிந்தது.

முடியவில்லை. நாங்கள் படிக்கும் இந்த டிஎன்ஏ துண்டு தாயிடமிருந்து மட்டும் வருவது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒன்றேதான். அவளா, நானா? இதை வைத்துச் சொல்லவே முடியாது.

மார்ச் 19

பேய் பிசாசு நம்பாதவள் நான். அந்த வண்டுப் பெட்டியைக் கடக்கும்போது மட்டும் ஏன் மெதுவாக நடக்கிறேன்?

மார்ச் 23

வண்டின் இன்னொரு காலைப் பிடுங்கி, பிளீச் கலந்த நீரில் கழுவச் சொன்னார் வழிகாட்டி. மேலே ஒட்டியது அழிந்துவிடும். உள்ளே இருக்கும் வண்டு மிஞ்சும். "ரெண்டு நிமிஷ வேலை மேடம். ஏன் தள்ளிப் போடறீங்க?"

என்னவென்று சொல்வது? அழிவது அவளாக இருந்தால்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "தன்னைப் பொத்தி வெச்சுக்கோன்னா அவ சொன்னா? தான் சொன்னது சரின்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதானே கெடந்தா. கழுவுடி."

ஏப்ரல் 2

கழுவினேன். அந்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கை வரவில்லை. ஊற்றினேன்.

ஏப்ரல் 10

தெளிவான வரிசை. மனிதச் சுவடே இல்லை, வண்டு மட்டும். தோட்டங்களில் எங்கும் திரியும் சாதாரண இனம். சிலவற்றுக்குப் புள்ளிகள் இப்படி மாறுமாம்.

அம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "நீ சொன்னதுதான் சரியாப் போச்சு. போதுமா?" என்றாள்.

ஏப்ரல் 11

"இன்னொரு காலையும் எடுத்து உறுதி பண்ணிடலாமா?" என்றார் வழிகாட்டி. எதையும் ஒருமுறை பார்த்து ஒப்புக்கொள்ளாதவள் நான் என்று அவருக்குத் தெரியும்.

வேண்டாம் என்றேன். மீதி நான்கு கால்களும் கழுவாமலே இருக்கட்டும்.