பார்க்காத ஆட்களுக்குத் தீனி

இன்று காலை ஜங்ஷனில் என் ஆட்டோவில் ஏறிய அம்மா, உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தார். "ஏம்பா, ஆட்டோவுல கருவாடு ஏத்துனியா?" என்றார். இல்லையே என்று சொல்லிவிட்டு என் விரல்களை முகர்ந்து பார்த்தேன். மீன் தீனி நாற்றம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். ஆனாலும் போகவில்லை. உடனே உன் நினைவு வந்துவிட்டது. அதனால்தான் சவாரியை முடித்துவிட்டு, ஸ்டாண்டில் வண்டியை ஓரங்கட்டி உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு எதிலும் அவசரம். தொட்டி வாங்கிய அன்றைக்கே மீனும் வாங்கி, போர் தண்ணீரை நிரப்பி உள்ளே விட்டாய். இரண்டு நாளில் எல்லாம் மல்லாந்து மிதந்தன. அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. பிறகு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி எனக்குப் பாடம் எடுத்தாய். மீனின் கழிவு அழுகினால் அம்மோனியா வருமாம், அது விஷமாம். அதைத் தின்பதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டாம். அவை தின்றுவிட்டு வேறொரு விஷத்தைக் கக்குமாம். அந்த விஷத்தைத் தின்ன இன்னொரு கூட்டம் வருமாம். இரண்டு கூட்டமும் குடியேறி நிலைத்த பிறகுதான் மீன் விட வேண்டுமாம். அதுவரை மீனில்லாத தொட்டிக்குத் தினமும் தீனி போட வேண்டும், அது அழுகி அவர்களுக்குச் சாப்பாடாகும் என்றாய்.

"மீனே இல்லாத தொட்டிக்குத் தீனியா? ஒனக்கு கழண்டு போச்சாடி?"

"இருக்காங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"யாரு, ஒங்கம்மா வூட்டு ஆளுங்களா?"

நீ சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் ஒரு மாதிரியாக இருந்தது.

அவர்கள் குடியிருக்க, நீ வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியிலிருந்தே இடம் கொண்டுவந்தாய். சூளையில் ஒருமுறை வெந்து, பளபளப்புப் பூசுவதற்கு முன்பே உடைந்துபோன பொம்மைத் துண்டுகள். "பூச்சு போட்டா வழவழன்னு ஆயிரும், யாரும் தங்க முடியாது. இதுல பூரா பொடிப்பொடி ஓட்டை" என்றாய். வெள்ளை வெள்ளையாகக் கைகள், காதுகள், பாதி முகங்கள். எல்லாவற்றையும் ஒரு நைலான் வலைப்பையில் கட்டி, ஃபில்டரில் இருந்து தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டாய். டீ குடிக்கும்போது தலையைத் திருப்பினால், வலையின் கண்ணிக்குள்ளிருந்து ஒரு குட்டிக் கை என்னைக் கூப்பிடுவது போலவே இருக்கும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். நீ அதற்கு மட்டும் நன்றாகச் சிரித்தாய்.

தினமும் குளித்துவிட்டு வந்து, ஒரு சிட்டிகை தீனி எடுத்து, ஒன்றுமில்லாத தண்ணீரில் தூவுவாய். "சாப்புடுங்க" என்பாய். மறுநாள் பார்த்தால் தீனி கரைந்து போயிருக்கும். சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விடுவாய். பச்சையானால் அம்மோனியா இருக்கிறது, மஞ்சளாகவே இருந்தால் அவர்கள் தின்றுவிட்டார்கள். கரும்பச்சையாக இருந்தது இளம்பச்சை ஆயிற்று. "வந்துட்டாங்க. கொஞ்ச நாள்ல மீன் வுட்டுடலாம்" என்றாய். அந்தக் கொஞ்ச நாள் உனக்குக் கிடைக்கவில்லை. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டாய். நெஞ்சுவலி என்றார்கள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, துணைக்கு வந்து தங்கிய என் அத்தை வீட்டைக் கழுவிவிட்டாள். எழவு விழுந்த வீட்டில் இருக்கிற தண்ணீரையெல்லாம் கொட்டுவது வழக்கம்தானே. குடம், அண்டா, குளியலறை வாளி எல்லாம் கொட்டியிருக்கிறாள். கூடவே உன் தொட்டியையும். உன் காரியத்தை முடித்து மணிமுத்தாற்றில் முழுகிவிட்டுத் திரும்பி வந்தபோது, தொட்டி துடைத்துச் சுத்தமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "வூட்ல ஒரு சொட்டு பழைய தண்ணி இருக்கக் கூடாதுப்பா" என்றாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அவளை என்ன சொல்வது? அதுவரை அழாதவன் அப்போதுதான் அழுதேன். நீ கூப்பிட்டு வந்து குடியேறியவர்களையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்களே என்றுதான். நீ தொடங்கியதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் விரலில் இந்த நாற்றம் தொடங்கியது. தொட்டி காய்ந்து கிடக்கிறது, நான் தீனி டப்பாவைத் தொட்டதாக நினைவே இல்லை. ஆனால் காலையில் பல் விளக்கப் போனால் கையில் கருவாட்டு வாடை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த வாடை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுவார்கள். நீதான் வந்து என் கையைப் பிடிக்கிறாயோ என்றுகூட நினைத்தேன். பயமாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைப் பார்த்தேன். உள்ளே தண்ணீரில் உன் வலைப்பை. வெள்ளைக் கைகளும் காதுகளும் பழுப்பேறியிருந்தன. மேலே அன்றைக்குத் தூவிய தீனி மிதந்தது.

அத்தையைக் கூப்பிட்டேன். "வெள்ளையா நல்லாருக்குதேன்னு பையை மட்டும் வாளியில போட்டு வச்சேன்பா. அப்புறம் தேய்க்கலாம்னு பாத்தேன்."

"தீனி யாரு போடுறது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீதாம்பா. தெனமும் காலையில எழுந்திருச்சி நேரா இங்கதான் வர. யாருக்குடா போடுறன்னு கேட்டேன். 'இருக்காங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அதான் நான் தொடவே இல்ல."

எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. மறுநாள் காலை, இன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் எழுந்தேன். முகம் கழுவினேன், துண்டை எடுத்தேன். அதற்கு அடுத்து எனக்குத் தெரிந்தது, வாளிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன், இரண்டு விரல் டப்பாவுக்குள் இருக்கிறது. நடுவில் நடந்தது எதுவும் என்னிடம் இல்லை.

தொட்டியை நிமிர்த்தி, தண்ணீர் நிரப்பி, பையை அதே இடத்தில் கட்டினேன். ஒரு சிட்டிகை போட்டேன், இந்த முறை தெரிந்தே. மறுநாளும் அதற்கு மறுநாளும் குப்பியில் மருந்து விட்டேன். மஞ்சள். இரண்டாவது விஷத்துக்கான சொட்டும் வெளிர்நீலத்திலேயே நின்றது, அந்த விஷமும் இல்லை என்று நீ காட்டிய நிறம். புதுத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஆக வேண்டியது. அவர்கள் எங்கேயும் போகவில்லை. உன்னுடைய ஆட்கள், வாளிக்குள், அந்தப் பொம்மைக் காதுகளின் ஓட்டைகளில் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

கப்பி மீன் வாங்கி விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை. விட்டதும் எல்லாம் நேராக வலைப்பைக்குப் போய், அந்தக் குட்டிக் கையின் விரல்களைக் கடித்துப் பார்த்தன. நாற்காலியை இப்போது தொட்டியைப் பார்த்தே போட்டிருக்கிறேன்.

காலையில் மீனுக்கு ஒரு சிட்டிகை போடுகிறேன். அதன் பிறகும் கை ஒருமுறை டப்பாவுக்குள் போய் வருகிறது. நான் தடுப்பதில்லை.

கருவாடு என்று சொன்ன அந்த அம்மா இறங்கும்போது, சும்மா பேச்சுக்கு, "வூட்ல யாரு இருக்காங்க, ஒண்டிக்கட்டையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இருக்காங்கம்மா" என்றது வாய்.